தொல்காப்பிய நோக்கில் ஷூ கடி

புது ஷூ குதிகாலைக் கடிக்கும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் இதுவரை யாரும் ஆராயவில்லை. அக்குறை நீக்க எழுந்ததே இக்கட்டுரை (தூண்டுதல்: மைத்துனர் கல்யாணம், நொண்டியபடி).

முதலில் பெயர். 'ஷூ' பிறமொழிச் சொல் என்பார் உளர். நாயை ஏவும்போது நாம் சொல்லும் 'சூ'வே அது என்க. ஏவினோம், கடிக்கிறது. இதற்கு மேலும் சான்று கேட்பவர் தமிழரல்லர்.

அடுத்து 'கடி'. தொல்காப்பியர் உரியியலில் இச்சொல்லுக்குப் பத்துப் பொருள் தருகிறார். புதுமை உண்டு: ஷூ புதிது. கூர்மை உண்டு: அதன் பின்விளிம்பு. விரைவு உண்டு: பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். மிகுதி, அச்சம், விளக்கம் ஆகியவற்றுக்கு விளக்கம் வேண்டா. காப்பும் உண்டு, பிளாஸ்திரியை அவர் முன்பே உணர்ந்திருந்தார் எனக் கொள்க. பல்லால் கடித்தல் மட்டும் அந்தப் பத்தில் இல்லை. அவர் புது ஷூ போட்டதில்லை என்பது இதனால் பெறப்படும் (பெரியப்பா, வாய்மொழி, பந்தியின் இரண்டாம் வரிசை, பாயசத்துக்குச் சற்று முன்).

இனி தலையாய வினா: ஷூ எத்தனை அறிவு உயிர்? மரபியல் வழியே செல்வோம். முதலறிவு தொடுவுணர்வு. நம் தோலை ஷூ அளவுக்குத் தொட்டறிந்தது வேறில்லை. இரண்டாவது நாக்கு. லேஸுக்கு அடியிலேயே இருக்கிறது; கடைக்காரரும் அதை நாக்கு என்றுதான் சொல்கிறார். மூன்றாவது மூக்கு. இங்கே அறிஞர்கள் இரண்டு பட்டுவிட்டனர். ஷூ நாற்றத்தைத் தருமே தவிர அறியாது, அறிந்திருந்தால் தானே வெளியேறியிருக்கும் என்பது ஒரு தரப்பு. பழகிப்போயிருக்கும், உங்களுக்குப் பழகவில்லையா என்பது மறுதரப்பு (மனைவி, மறுப்புரை, குளியலறைக் கதவுக்கு அப்பாலிருந்து, சாக்ஸை வாளியில் அமுக்கும்போது, எஞ்சிய பகுதி பதிப்புக்கு உகந்ததன்று). நான்காவது கண். பாலத்துக்கும் தேங்காய்க்கும் கண் வைத்த மொழியில் லேஸ் துளைகள் கண்ணல்லாமல் வேறென்ன? ஐந்தாவது செவி. கதறிப் பார்த்தேன், இல்லை. ஆகவே ஷூ நான்கறிவு உயிர். அந்த வரிசையில் தொல்காப்பியர் வைத்திருப்பது நண்டையும் தும்பியையும். நண்டு கடிக்கும். ஐயம் தீர்ந்தது.

இம்முடிபை ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். எனக்குப் பத்து நிமிடம், பொன்னாடைகளுக்கு ஒன்றரை மணி. எனக்கு முன் பேசியவர் போன வருஷம் 'சங்க இலக்கியத்தில் நீர்' என்று வாசித்ததையே நீரை எடுத்துவிட்டு நெருப்பை வைத்து வாசித்தார். அவருக்கு மூன்று பொன்னாடை.

தடுப்பு முறைகள் சில உள. மாலையில் வாங்குக, பகலெல்லாம் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும். வீட்டுக்குள் அரை அரை மணியாகப் போட்டுப் பழக்குக. பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். ஈரத்தோலில் பிடிப்பு அதிகம். பரதன் முறையும் உண்டு: பாதுகையை 14 ஆண்டு அரியணையில் வைத்தான், யாரையும் கடிக்கவில்லை.

மேனாட்டார் வேறு சொல்கின்றனர். ஷூ கடிப்பதே இல்லையாம். எலும்பு நகர்கிறது, மேல்தோல் ஷூவோடு ஒட்டி நிற்கிறது, இடையிலுள்ள தோலடுக்கு இழுபட்டுப் பிரிய, அங்கே நீர் கோக்கிறதாம். 2016இல் வெளியான அமெரிக்க மருத்துவர்களின் ஆய்வில், நெடுந்தூர ஓட்டக்காரர்கள் 128 பேரின் பாதத்தில் ஆஸ்பத்திரிக் காகித டேப்பை முன்கூட்டியே ஒட்டி ஓடவிட்டார்கள். கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. மலிவான டேப், எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஆனால் அவர்கள் ஒரு நூற்பாவைக்கூட எடுத்துக்காட்டவில்லை. கோட்பாட்டு அடித்தளமற்ற அம்முடிவை இக்கட்டுரை ஏற்கவில்லை.

இதை எழுதும்போது என் இரண்டு குதிகாலிலும் ஒட்டியிருப்பது அந்த டேப்தான். அதை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.