சம்பளமில்லாத சூப்பர்வைசர்

தெருவுக்குள் மஞ்சள் நிற ஜேசிபி ஒன்று நுழைந்து, முதல் வாளி மண்ணை அள்ளுவதற்குள் ஒருவர் அங்கே வந்து நின்றிருப்பார். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒப்பந்ததாரருக்கும் அவரைத் தெரியாது, மாநகராட்சிக்கும் தெரியாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மணிக்கட்டில் மஞ்சப்பை தொங்கும். அதற்குள் அரை லிட்டர் ஆவின் பால், வெயிலில் தயிராகிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

நிற்கிற இடத்தில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. ரொம்ப நெருங்கினால் ஹெல்பர் பையன் விரட்டுவான். ரொம்பத் தள்ளி நின்றால் பள்ளத்தின் அடி தெரியாது. இரண்டுக்கும் நடுவில், பூவரச மர நிழல் விழுகிற இடமாகப் பார்த்துப் பிடித்துவிடுவார். பத்து மணிக்கு நிழல் நகரும். அவரும் நகர்வார்.

இந்தத் தொழிலில் படிநிலைகள் உண்டு. பைக்கை அணைக்காமல், ஒற்றைக் காலை ஊன்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர் கத்துக்குட்டி. டீ கிளாஸோடு வந்து, டீ தீர்ந்ததும் கிளம்புகிறவர் பகுதிநேரம். நம்மவர் முழுநேரம். 2019இல் ஜேசிபி தோண்டுகிற வீடியோக்களை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள் என்று இணையமே கேலி பேசிச் சிரித்தது. அவரிடம் யாரோ அதைக் காட்டியபோது சிரிக்கவில்லை. “நேர்ல பாக்கறாப்ல வருமா? மண்ணு வாசனை வருமா இதுல?” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விஷயம் தெரியாதவரும் அல்ல. பக்கத்தில் புதிதாக யார் வந்து நின்றாலும் பாடம் தொடங்கிவிடும். “ஜேசிபிங்கறது ஒரு ஆளோட பேரு தம்பி. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு. இங்கிலாந்துக்காரர். 1945ல ஆரம்பிச்ச கம்பெனி.” முன்னால் அள்ளுகிற வாளி, பின்னால் தோண்டுகிற கை. தோண்டுவதற்கு முன் இரண்டு இரும்புக் கால்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளும். டிரைவரும் தன் சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொள்வார். அந்த ஒரு நிமிஷம் நம்மவருக்கு டூரிங் டாக்கீஸில் விளக்கு அணைகிற மாதிரி. அதற்குப் பிறகு யார் பேசினாலும் காதில் விழாது.

அவர் மட்டும் பேசுவார். “தம்பி, லெஃப்ட்ல தண்ணி பைப்பு போகுது, பாத்து!” இன்ஜின் சத்தத்தில் டிரைவருக்கு ஓர் எழுத்துகூடக் கேட்காது என்பது அவருக்கும் தெரியும். பைப் உடையாமல் தப்பினால் அவருடைய எச்சரிக்கைதான் காரணம். உடைந்து பீறிட்டால், “நான் அப்பவே சொன்னேன்.” எது நடந்தாலும் தோற்காத உத்தியோகம் உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்?

பள்ளம் தினமும் அமையாது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது போர்வெல் வண்டி வரும். அநேகமாகத் திருச்செங்கோட்டு வண்டியாக இருக்கும். அந்த ஊர் ரிக்குகள் வடநாடு வரைக்கும் போய்த் துளை போடுகின்றன. ராத்திரியில் தெருவே கிடுகிடுக்க வேலை ஆரம்பிக்கும். மற்றவர்கள் தூக்கம் கெட்டுத் திட்டிக்கொண்டே வெளியே வருவார்கள். அவர் மட்டும் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவராக, சட்டை மாட்டிக்கொண்டு வருவார். இருபதடி ராடு ஒன்று இறங்கியதும் அடுத்ததை மாட்டுவார்கள். அவர் எண்ணிக்கொண்டே இருப்பார். காற்று அடித்து மேலே தள்ளுகிற தூளைக் கையில் எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்து, “பாறை. இன்னும் நாலு ராடு போகணும்” என்று தீர்ப்புச் சொல்வார். வீட்டுக்காரர் அடிக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறவர். அவருக்கு ஒவ்வொரு ராடும் வயிற்றெரிச்சல். இவருக்கு ஒவ்வொரு ராடும் திருவிழா. விடியும் நேரத்தில் சேற்றுத் தண்ணீர் பீய்ச்சியடிக்கும்போது முதலில் நனைவது இவருடைய வேட்டி. தண்ணீர் யாருடையதோ, சந்தோஷம் இவருடையது.

சென்னையில் மெட்ரோவின் இரண்டாம் கட்டம், 118.9 கிலோமீட்டர், என்று அறிவிப்பு வந்தபோது ஊரே போக்குவரத்து நெரிசலை நினைத்துக் கலங்கியது. அவர் மட்டும் இனிமேல் ஆயுசுக்கும் கவலை இல்லை என்று நினைத்தார். கடைசியில் ஏமாற்றம். சுற்றிலும் தகரத் தடுப்பு வைத்து மூடிவிட்டார்கள். ஒரு வாரம் முகம் வாடியிருந்தது. பிறகு தடுப்பில் போல்ட் கழன்ற ஓட்டை ஒன்று, சரியாக அவர் கண் உயரத்தில், அகப்பட்டது. அது தானாகக் கழன்றதா என்று யாரும் விசாரிக்கவில்லை.

சுரங்கம் தோண்டும் இயந்திரம் பூமிக்குள் போய்விட்டால் ஓட்டையாலும் பயன் இல்லை. ஆனாலும் அவர் விடுவதில்லை. முன்னால் சுழலும் வெட்டுத்தலை மண்ணையும் பாறையையும் அரைக்கும். பின்னால் கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பொருத்திக்கொண்டே வரும். “தான் கட்டின சுவத்தையே உதைச்சுக்கிட்டு முன்னால போகுது சார், யோசிச்சுப் பாருங்க!” அந்த இயந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை, மயில், பெலிகன் என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். “மயில் கோடம்பாக்கம் பக்கம் வந்துடுச்சாம்” என்று பஸ் ஸ்டாப்பில் அவர் சொல்ல, பக்கத்தில் நின்ற அம்மா மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

வீட்டில் மனைவியின் அர்ச்சனை நடக்கும். “ஏங்க, பால் வாங்கப் போனீங்களா, பசு வாங்கப் போனீங்களா?” ஆனால் பேச்சுவாக்கில் இன்னொன்றும் வந்து விழும்: “இன்னிக்கு வேற டிரைவர் போலிருக்கு. நேத்து வந்த பையன் இன்னும் பதவிசா தோண்டுவான்.” மாடி பால்கனியிலிருந்து பள்ளம் இன்னும் நன்றாகத் தெரியும். ஆண்பிள்ளை தெருவில் சும்மா நின்றால் பெரியவர். பெண் நின்றால் நாலு பேர் என்னவென்று கேட்பார்கள். ஆகவே அந்த அம்மாள் ஒரு கட்டு முருங்கைக்கீரையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். பெரிய பள்ளம் என்றால் இரண்டு கட்டு.

இத்தாலியில் பொலோனா நகரத்தில் இப்படிக் கட்டட வேலையைப் பார்த்து நிற்கும் தாத்தாக்களின் பெயரால் 2018இல் ஒரு குட்டிச் சதுக்கமே திறந்திருக்கிறார்கள். நம்மவர்களுக்குச் சதுக்கம் வேண்டாம், ஒரு ஸ்டூல் போட்டால் போதும்.

பள்ளத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? முப்பது வருஷம் ஆபீஸில் அவர் பார்த்ததெல்லாம் கோப்பு. கோப்பு நகர்ந்ததை யாரும் கண்ணால் கண்டதில்லை. இங்கே ஒரு வாளி மண் எடுத்தால் ஒரு வாளிக்குப் பள்ளம் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்ததற்குப் பிரம்படி. வேலைக்குப் போன பிறகு ஜன்னல் பக்கம் திரும்பவே நேரமில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை. அதோடு, வேலை நடக்கிற தெருவில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகையில், பள்ளத்துக்குள் நிற்கிறவனை ஒரு வேலைக்காரனாக மதித்துப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். தொழிலாளி ஒருவன் கம்பியை நேராக நிறுத்தினால், மேலே நின்று தலையாட்டுவார். அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பான். பில் தொகையில் சேராத பட்டுவாடா அது.

ஆனால் திறப்பு விழாவுக்கு மட்டும் அவர் வரமாட்டார். முடிந்துபோன வேலையில் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தால் நிச்சயம் ஏறுவார். அடுத்த வழித்தடத்துக்கு எங்கே தோண்டுகிறார்களோ, அங்கே இறங்கிக்கொள்வார்.