படத்தைப் பார்த்தே சொல்லிடுவோம்

பிரளய வெள்ளத்தையே நந்தி குடித்துத் தீர்த்ததாகச் சொல்லும் ஊர் பெண்ணாடம். வெள்ளாற்றிலோ பெரும்பாலும் மணல்தான். இங்கே பழைய படகு மோட்டார் ஒன்றின் படத்தைக் காட்டிப் பாருங்கள், டீக்கடையே நிபுணர் குழுவாகிவிடும். மருந்தடிக்கிற மிஷின் என்பார் ஒருவர். "இல்ல மாமா, ஆயில் இன்ஜின்" என்பார் மருமகன். அடியிலுள்ள விசிறியைக் கண்டதும் வெள்ளைக்காரன் காலத்து டேபிள் ஃபேன் என்று தீர்ப்பாகும்.

கயிறு சுற்றி இழுக்கும் சக்கரம், படகின் பின்பலகையைக் கவ்வும் திருகு, பித்தளை டாங்கி... இங்கிலாந்தின் 'பிரிட்டிஷ் சீகல்' ஆகலாம். 1909இல் அமெரிக்காவில் எவின்ரூட் விற்கத் தொடங்கிய வகையறாவும் ஆகலாம். உறுதியாகச் சொல்ல, உடம்பில் பொறித்த எண் வேண்டும். படம் எடுத்தவரின் கட்டைவிரல் சரியாக அதன்மேல்தான் இருக்கிறது. பித்தளை கிலோ என்ன விலை என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை.