டேட்டாபேஸ் அண்ணன்

ஆரணியில் தறிச்சத்தம் கேட்கிற எந்தப் பகுதியிலும் இவரைப் பார்க்கலாம். எம்.ஃபில். முடித்திருப்பார். பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருப்பார், "எந்த மட்டுல இருக்கு?" என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, என்றைக்கோ ஒரு கருத்தரங்கில் கொடுத்த பையை மடியில் வைத்திருப்பார். பிப்ரவரி, மார்ச் வந்தால் முதுகலைப் பிள்ளைகள் அவரைச் சுற்றி நிற்பார்கள்.

"இன்னாமா தலைப்பு?"

"ஆரணி பட்டு நெசவாளர்களின் சமூகப் பொருளாதார நிலை, ஓர் ஆய்வு. அதாண்ணா."

பக்கத்தில் நிற்கும் பையனுக்கும் அதே தலைப்புதான். போன வருடம் வந்தவர்களுக்கும் அதுவேதான். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியபோதே இந்தத் தலைப்புக்கும் சேர்த்து வாங்கியிருக்கலாம்.

"எங்க தேடின?"

"கூகுள்லண்ணா."

அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். "கூகுள்ல ஆரணிப் பட்டுன்னு போட்டா சேலைக் கடைதாம்மா வரும்." இதுவரை அவர் சொல்வது உண்மை. அதற்குப் பிறகுதான் அர்ச்சனை தொடங்கும்: ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ், எப்ஸ்கோ, புரோகுவெஸ்ட். "ஸ்பெஷல் டேட்டாபேஸ் இல்லாம ரிசர்ச்சே கெடையாது. பட்டு பத்தி எழுதுறியா, ஜவுளித் தொழில்நுட்ப டேட்டாபேஸ்ல தேடு."

அந்தப் பெண்ணும் யாரையோ பிடித்து, யாருடைய பாஸ்வேர்டையோ வாங்கித் தேடுவாள். பசை நீக்குவது, சாயம் நிற்பது, நூலின் இழுவலிமை என்று கட்டுரைகள் கொட்டும். அவளுக்குத் தெரிய வேண்டியதோ, முன்பணம் வாங்கிய நெசவாளர் ஏன் அந்த முதலாளியை விட்டு வேறு முதலாளியிடம் போக முடிவதில்லை என்பது. நூலின் இழுவலிமையை வைத்துக் கூலிக் கணக்கு எழுத முடியுமா?

அண்ணன் தவறுகிற இடம் இதுதான். பொருள் பட்டு என்பதால் கேள்வியும் பட்டைப் பற்றியது என்று எடுத்துக்கொள்கிறார். கூலியும் கடனும் பொருளாதாரம். அதற்கு 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' வேண்டும். அதன் பழைய இதழ்கள், பல துறைகளும் கலந்து கிடக்கும் ஜேஸ்டோரில் இருக்கின்றன. குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து வரும் முதுகுவலிக்குப் பப்மெட். கைத்தறிக்கு ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் ஓட்டலாமா என்றால், 1985ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டமும் தீர்ப்புகளும். ஆரணிச் சேலையின் நெசவு முறைக்கு, சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் தளம். எத்தனை பேர் நெய்கிறார்கள் என்றால் 2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு. நாடு முழுக்க 35.22 லட்சம் தொழிலாளர்கள் என்கிறது. இத்தனையும் பட்டுச் சங்கதிதான். ஒன்றுகூட அண்ணனின் ஜவுளி டேட்டாபேஸில் தேட வேண்டியதில்லை.

அண்ணனுக்கு ஓர் எதிர்க்கட்சியும் உண்டு. கூகுள் ஸ்காலர் ஒன்றே போதும் என்கிற தம்பி. 2004இல் வந்த அந்தத் தேடுபொறி எல்லாத் துறையையும் ஒரே குவியலாகப் போடும். தறி நாடாவைத் தேடி 'ஷட்டில்' என்று அடித்தால் நாசாவின் விண்கலம் வரும்; அதையும் படித்துவிட்டுத்தான் தம்பி தூங்கப் போவான். பப்மெட்டில் பெரும்பாலான கட்டுரைகளுக்கு ஆள் வைத்தோ, கணினியை வைத்தோ பொருள் தலைப்பு ஒட்டிவிடுகிறார்கள். அதனால் இந்தக் குழப்பம் அங்கே குறைவு. ஆனாலும் தம்பியை முழுக்கத் தள்ள மாட்டேன். ஒரு துறையில் எந்தச் சொல்லால் பேசுகிறார்கள், யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று மேலோட்டமாகத் தெரிந்துகொள்ள ஸ்காலர் நல்ல வாசல். அங்கே கிடைத்த சொல்லை எடுத்துக்கொண்டுதான் சிறப்பு டேட்டாபேஸுக்குள் போக வேண்டும்.

2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அன்று அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள் என்று டீ மாஸ்டருக்கு விளக்கினார். மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அதுல இன்னைக்கு ஒரு கிலோ பட்டு நூல் இன்னா வெலன்னு போட்டிருக்குமா?" அண்ணனிடம் பதில் இல்லை. மத்தியப் பட்டு வாரியம் சந்தை விலையைத் தன் தளத்திலேயே இலவசமாகப் போடுகிறது. அது ஸ்கோபஸில் வராததால் அண்ணனின் கணக்கில் வரவில்லை. தவிர, அந்தத் திட்டம் அரசு நிறுவனங்களுக்கு. அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சுயநிதிக் கல்லூரி.

அவர் லேப்டாப்பில் மூன்று கோப்புறைகள் உண்டு: 'படிக்க வேண்டியவை', 'அவசியம் படிக்க வேண்டியவை', 'அவசியம் படிக்க வேண்டியவை புதுசு'. மூன்றாவது நிறைந்ததும் ஹார்டு டிஸ்க் வாங்குவார்.

ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் யாரிடமும் காசு வாங்குவதில்லை, ஒரு டீயோடு சரி. நெறியாளர்கள் போனை எடுக்காத மார்ச் மாதத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்கிறவர் அவர் ஒருவர்தான்.

ஆனாலும் பிள்ளைகளே, அவரிடம் போவதற்கு முன் உங்கள் கல்லூரி நூலகரிடம் போங்கள். "டேட்டாபேஸ் வேணும் சார்" என்று கேட்காமல், உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு ஷோத்கங்காவைத் திறங்கள்; இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே காசில்லாமல் கிடைக்கும். 'நெசவாளர்களின் சமூகப் பொருளாதார நிலை' என்று தேடிப் பாருங்கள். வருகிற பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலைப்பை மாற்றிக்கொண்டு வாருங்கள்.