தூதகச் செலவியல்: வகையும் விரியும்

கற்போனே, கேள். அயல்மண்ணில் ஓர் அரசு குடியிருப்பதால் எழும் செலவு தூதகச் செலவு எனப்படும். அது மனைச்செலவு, சுவர்ச்செலவு, மறுசெலவு என மூவகை.

1. மனைச்செலவு. இது மூன்றாக விரியும்.

இரவல்மனை: இலண்டன் கிராவனர் சதுக்கத்தில் 1960இல் எழுந்த அமெரிக்கத் தூதகத்தின் கூரைமேல் பொற்பூச்சுக் கழுகொன்று சிறகு விரித்து நின்றது. அடிமண்ணோ வெசுட்மின்சுடர் கோமகன் குடும்பத்தது. கழுகுக்கும் குத்தகை உண்டென்பது இதனாற் பெறப்படும்.

கூட்டுமனை: பெர்லினில் நார்டிக் நாடுகள் ஐந்தும் 1999 முதல் ஒரே செப்புத்தகட்டு மதிலுக்குள் வாழ்கின்றன. ஐவர்க்கு மதில் ஒன்று, சிக்கனமே.

ஈட்டுமனை: அதே நகரில் வடகொரியத் தூதகம் தன் வளாகத்தின் ஒரு பகுதியை வழிப்போக்கர் விடுதிக்குக் குடிக்கூலிக்கு விட்டது. 2016இல் ஐ.நா. பாதுகாப்பு அவை தடுத்தது. 2020இல் விடுதி மூடப்பட்டது. அங்கே இவ்வகை வழக்கொழிந்தது. எனினும் மனப்பாடம் செய்க.

2. சுவர்ச்செலவு. எழுப்பற்செலவு, இடித்தற்செலவு, செவிச்செலவு என முப்பாற்பட்டு, ஒரே கட்டடத்தில் மூன்றும் கூடுதலும் உண்டு. மாசுகோவில் அமெரிக்கர் 1979இல் புதுத் தூதகம் கட்டத் தொடங்கினர். தூணும் உத்தரமும் சோவியத்துப் பணிமனைகளில் வார்க்கப்பட்டு வந்தன. கற்காரையோடு ஒட்டுக்கேட்புக் கருவிகளும் வார்க்கப்பட்டிருந்தன. 1985இல் வேலை நின்றது. பின்னர் மேலிரு தளங்களைப் பெயர்த்தெறிந்து, தம் நாட்டுக் கொத்தரையும் கட்டுபொருளையும் வரவழைத்து, நான்கு தளங்களை ஏற்றி, 2000இல் குடிபுகுந்தனர். சுவருக்கும் காதுண்டு என்பதைப் பழமொழி என்பார் பிழைபட்டார். அது கட்டுமானக் குறிப்பு.

3. மறுசெலவு. கொடுக்க மறுக்க மறுக்க வளர்வது. இலண்டன் நடுப்பகுதியில் ஊர்தி ஓட்டுவோர்க்கு 2003 முதல் நெரிசல் கட்டணம் உண்டு. இது வரி, 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி எமக்கில்லை என்பர் தூதகத்தார். வரியன்று, பணிக்கான கூலி என்பர் நகரப் போக்குவரத்தார். 2023 முடிய நிலுவை 14 கோடிப் பவுனைக் கடந்தது. முதலிடம் அமெரிக்கர், இரண்டாமிடம் சப்பானியர், மூன்றாமிடம் 80 நூறாயிரம் பவுனுக்கு மேல் நிறுத்தி வைத்த நம் இந்தியர்.

அமெரிக்கர் ஏறத்தாழ 100 கோடி டாலரில் நைன் எல்ம்சில் புதுமனை கட்டி 2018இல் நெரிசல் எல்லைக்கு வெளியே பெயர்ந்தனர். எனினும் முதலிடத்தை இழந்திலர்.

கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்தும் தூதகங்களே மிகுதி. விரித்துரைக்க வகை ஏதும் தாராமையின், அவற்றை இந்நூல் எடுத்தாளவில்லை.