மொட்டை டயருக்கு இந்த விலையா?

வென்ட்வொர்த்வில், சிட்னி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் வாட்ஸப்பில் பேசி அனுப்பியதை வீட்டில் எல்லாரும் சேர்ந்து கேட்டோம். "பட்டனே இல்லாத டயரைப் புதுசுன்னு சொல்லி உன் பையன் தலையில எவன்டி கட்டினான்? நம்ம கடைக்கு வரவேண்டிய கேசிங் அது" என்று நீங்கள் கேட்ட இடத்தில் பெரியவன் எழுந்து உள்ளே போய்விட்டான். இவர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

அது புது டயர்தான் அண்ணா. பிறக்கும்போதே மொட்டை. டிராக் ரேடியல் என்று பெயர். சட்டத்துக்குப் பயந்து இரண்டு மூன்று கோடு மட்டும் இழுத்திருப்பார்கள். நாமக்கல் லாரி டயர் ஒன்று அந்தக் கோலத்துக்கு வர கௌஹாத்தி வரை பல நடை போய்த் திரும்பவேண்டும். இங்கே கடையிலிருந்தே அப்படி வருகிறது. விலையோ, பட்டன் உள்ள டயரைவிட அதிகம். ரப்பர் மிருதுவானது, தரையைப் பிடிக்கும், அதனால் சீக்கிரம் தேயும். தேய்ந்தால் நம் கடையில் செய்வதுபோல் ரீட்ரெட் கிடையாது, தூக்கிப் போடவேண்டியதுதான். இதை அப்பா கேட்டிருந்தால் அன்று சாப்பிட்டிருக்கமாட்டார்.

வண்டி ஃபோர்டு ஃபால்கன், டர்போ, பழசு. மெல்போர்ன் பக்கம் பிராட்மெடோஸில் செய்தது. 2016 அக்டோபரோடு அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதிலிருந்து பையன்களுக்கு இந்த வண்டிமேல் பைத்தியம் கூடிவிட்டது. புதிதாக லைசென்ஸ் வாங்கி பி போர்டு மாட்டி ஓட்டுகிற பிள்ளைகள் டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள வண்டியைத் தொடக்கூடாது என்பது இங்கே சட்டம். இது 140-ஐத் தாண்டும். முழு லைசென்ஸ் கைக்கு வரும்வரை காத்திருந்து வாங்கினான். படிப்பில் இந்தப் பொறுமையைக் காட்டியிருக்கலாம்.

ரேஸ் ஓட்டுவது ரோட்டில் இல்லை, பயப்படவேண்டாம். ஈஸ்டர்ன் கிரீக்கில் சிட்னி டிராக்வே இருக்கிறது, 2004-இல் திறந்தது. நேர்க்கோடு, கால் மைல், அதாவது 402 மீட்டர். திருப்பமே கிடையாது. வீட்டு வண்டியைக் கொண்டுபோய், பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, மஞ்சள் விளக்கு முடிந்து பச்சை வந்ததும் மிதிக்கவேண்டும். பதினைந்து விநாடிக்குள் எல்லாம் முடிந்து ஒரு சீட்டைக் கையில் கொடுப்பார்கள். அதற்கு மூன்று மணி நேரம் வரிசை.

டயர் சைஸில்தான் எனக்கும் அவனுக்கும் தகராறு. வண்டியோடு வந்தது 235/45 ஆர் 17. அவனுக்கு 275 வேண்டுமாம். ஏன் என்றால், கூடப் படித்த பையன் 275 போட்டிருக்கிறான். நான் ரிம்மைக் காட்டினேன். அகலம் எட்டு அங்குலம். 275/40-க்குக் குறைந்தது ஒன்பதாவது வேண்டும். எட்டில் ஏற்றினால் நடு புடைத்து நிற்கும், ஓரம் தரையைத் தொடாது. காசு கொடுத்து வாங்கிய அகலம் அந்தரத்தில் நிற்கும். ரிம்மையும் மாற்றினால் மட்கார்டு உள்ளே உரசும், வெளியே துருத்தினால் போலீஸ் ஓரங்கட்டும். சரி, 28 அங்குல உயரத்தில் ஸ்லிக் போடுகிறேன் என்றான். இப்போது இருப்பது 25 சில்லறை. உயரம் கூடினால் கிளம்பும்போது இழுவை போய்விடும் என்பதை அவனுக்கு யார் சொல்வது? 9.00-20 இருந்த இடத்தில் 10.00-20 மாட்டிவிட்டு, மேட்டில் இழுக்கவில்லை என்று ஒரு டிரைவர் நம் கடை வாசலில் நின்று கத்தியதைச் சொன்னேன். அதுமட்டுமா, உயர டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டும். எம்4 ரோட்டில் இருக்கிற கேமரா குறைத்துக் காட்டாது. கொஞ்சமும் பட்டன் இல்லாத ஸ்லிக்கோடு ரோட்டில் இறங்கவே முடியாது, 1.5 மில்லிமீட்டராவது இருக்கவேண்டும். அதிலும் பல ஸ்லிக் நம் பாஷையில் நைலான் டயர். முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்றால் அப்பா அந்த வண்டியைக் கடைக்குள்ளேயே விடமாட்டார்.

கடைசியில் நான் சொன்ன 245/45 ஆர் 17 தான் வாங்கினான். உயரம் 643 மில்லிமீட்டரிலிருந்து 652. ஒன்பது மில்லிமீட்டருக்கு எந்தப் போலீசும் கோபித்துக்கொள்ளாது. கடைக்காரர் கதவைத் திறந்து, அதில் ஒட்டியிருக்கிற டயர் அட்டவணையைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்துவிட்டு, சைஸ் சொன்னது யார் என்று கேட்டார். அம்மா என்றான். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புடவை கட்டியிருந்தேன்.

இனிமேல்தான் கூத்து. ரோட்டில் ஒரே இடத்தில் நின்று சக்கரத்தைச் சுழற்றிப் புகை கிளப்பினால் இந்த ஊர்ச் சட்டப்படி போலீஸ் வண்டியை மூன்று மாதம் தூக்கி வைத்துக்கொள்ளலாம். அபராதம் தனி. அதையே ஈஸ்டர்ன் கிரீக்கில், கிளம்பும் இடத்துக்கு முன்னால் தரையை நனைத்து வைத்து, ஒருவர் நின்று கையைக் காட்டி "செய், நன்றாகச் செய்" என்கிறார்! டயர் சூடேறினால்தான் ஒட்டுமாம். பையன் செய்கிறான். அவர் போதாது என்று சைகை காட்டுகிறார். பையன் மறுபடி செய்கிறான். கட்டைவிரலைத் தூக்குகிறார். கூட்டம் கைதட்டுகிறது. வாசல் கேட்டைத் தாண்டி ஃபெரர்ஸ் ரோட்டில் இதில் கால்வாசி செய்தாலும் மூன்று மாதம் நடந்துதான் வேலைக்குப் போகவேண்டும். கேட்டுக்கு உள்ளே புண்ணியம், வெளியே குற்றம். கேட் எங்கே முடிகிறது என்று நான் போகும்போதும் பார்த்தேன், வரும்போதும் பார்த்தேன்.

காற்று விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து கேளுங்கள். 36-லிருந்து 20-க்கு இறக்குகிறார்கள். பக்கச்சுவர் மடிந்து, தரையில் நீளமாகப் படியவேண்டுமாம். திரும்பும்போது மறுபடி ஏற்றியாகவேண்டும். இருபதில் வீட்டுக்கு ஓட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மழை வந்தால் இன்னும் மோசம், தண்ணீரை வெளியேற்ற பட்டன் எங்கே இருக்கிறது? போன வாரம் தூறலில் எம்4-இல் அறுபதைத் தாண்டவிடாமல் கூட்டிவந்தேன். பின்னால் வந்த லாரிக்காரன் அடித்த ஹாரனைக் கேட்டு நம்ம ஊர் பைபாஸ் ஞாபகம் வந்துவிட்டது.

பழைய டயரில் கால் மைலுக்கு 14 விநாடியைத் தாண்டிக்கொண்டிருந்தது, இப்போது 13 சில்லறை. முதல் அறுபது அடியில்தான் வித்தியாசமே. சீட்டை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறான். பத்தாவது மார்க் ஷீட்டை அப்படி ஒட்டினதில்லை.

ஒன்று சொன்னால் சிரிக்கக்கூடாது. அந்தப் புகை நம் பக்கம் வரும்போது எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது பஃபிங் மெஷின் ஓடும்போது கடையில் வருகிற வாசனை. நானும் அப்பாவும் டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்த மத்தியானம். இவர் வராத அன்றும் நான் அவன்கூடப் போவது அதற்காகத்தான். பையனைப் பார்த்துக்கொள்ளப் போவதாக வெளியே சொல்கிறேன்.

செலவை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். டயரைக் கழற்றி மாட்டிப் பேலன்ஸ் பார்க்க இங்கே கேட்கிற கூலியில் நம் கடைப் பையன்களுக்கு சில நாள் சம்பளம் கொடுக்கலாம். வேலை செய்தவன் மட்கார்டு உரசுகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

அண்ணியிடம் சொல்லலாம். அம்மாவிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள் அண்ணா. பேரன் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன், பாதி நாள் அது நிஜமும்கூட. மீறிச் சொன்னால், லோடு ஏற்றப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு நீங்கள் சோழவரத்தில் கார் ரேஸ் பார்க்கப் போன கதையை நான் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

உங்கள் அன்புத் தங்கை