வண்டிக்குத் தெரிந்த வண்டவாளம்

சான் அன்டோனியோ,
டெக்சாஸ்.

அன்புள்ள மாமாவுக்கு,

 

நான் அனுப்பிய என் பிக்கப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, இத்தாம் பெரிய வண்டியில லோடு ஏத்தாம எதுக்கு ஓட்டற?" என்று கேட்டீர்கள். நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருப்பவருக்கு வேறு எப்படிக் கேட்கத் தோன்றும்? இங்கே பால் வாங்கக்கூட இதில்தான் போகிறார்கள். ஃபோர்டு எஃப் வரிசைதான் 1977லிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப். டெக்சாஸில் சின்னக் காரில் போகிறவனைத்தான் "வீட்டில் ஏதாவது கஷ்டமா?" என்று விசாரிப்பார்கள்.

மெயின்டனன்ஸ் பற்றிக் கேட்டீர்கள். ஆயில் எப்போது மாற்ற வேண்டும், எந்த டயரில் காற்று குறைவு என்பதையெல்லாம் வண்டியே என் போனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால், எனக்கே இவ்வளவு சொல்கிற வண்டி வெளியில் யாரிடம் என்னவெல்லாம் சொல்லும்? உள்ளே ஒரு மோடம், அதற்குள் ஒரு சிம். எங்கே போனேன், எந்நேரம் போனேன், பிரேக்கை எப்படி மிதித்தேன் எல்லாம் அதன் வழியாகக் கம்பெனிக்குப் போகலாம். நீங்கள் லாரியில் ஜிபிஎஸ் மாட்டி, டிரைவர் சங்ககிரி டீக்கடையில் நிற்கிறாரா என்று பார்ப்பீர்களே, அதே சங்கதிதான். என்ன, இங்கே ஓனரும் நான், டிரைவரும் நான், தவணை கட்டுவதும் நான். பார்ப்பது மட்டும் வேறு ஆள்.

நான் கதை விடுவதாக நினைக்காதீர்கள். 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதைப் போட்டு உடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் வண்டிகளில் சேர்ந்த ஓட்டுநர் விவரங்களை லெக்ஸிஸ்நெக்ஸிஸ், வெரிஸ்க் என்ற தகவல் தரகு நிறுவனங்களுக்குக் கொடுத்து வந்திருக்கிறது. அவர்களிடமிருந்து அது இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போனது. சியாட்டில் பக்கம் செவர்லே போல்ட் ஓட்டிய ஒருவருக்குப் பிரீமியம் 21 சதவீதம் ஏறியது. ஏனென்று புரியாமல் தன் அறிக்கையைக் கேட்டு வாங்கினார். வந்தது 258 பக்கம்! ஆறு மாதத்தில் 640 பயணங்கள். கிளம்பிய நேரம், நின்ற நேரம், தூரம், அதிவேகம், சடன் பிரேக் அத்தனையும் அதில் இருந்தன. விஷயம் வெளியே வந்ததும் ஜெனரல் மோட்டார்ஸ் அதை நிறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் எங்கள் டெக்சாஸ் அரசு அதன் மேல் வழக்குப் போட்டது.

மற்ற கம்பெனிகள் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. 2023இல் மொசில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளைச் சோதித்தது. தகவல் பாதுகாப்பில் ஒன்றுகூடத் தேறவில்லை. நிசான் கம்பெனியின் பிரைவசி பாலிசியில், திரட்டக்கூடிய தகவல்களின் பட்டியலில் வாடிக்கையாளரின் படுக்கையறை விவகாரமும் இருந்தது. இந்த வரியை அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

உங்களுக்குப் பிடித்தமான செய்தி ஒன்று. தவணை கட்டாதவரின் வண்டியில் ஏசியை நிறுத்துவது, காது கூசும் சத்தம் போடுவது, கடைசியில் வண்டி தானாகவே கிளம்பிப் போய்விடுவது என்று ஃபோர்டு ஒரு பேட்டண்ட் விண்ணப்பம் போட்டிருந்தது. 2023இல் வெளியே வந்தது. செயல்படுத்தும் எண்ணமில்லை என்று அப்புறம் சொல்லிவிட்டார்கள். செய்திருந்தால் சீஸிங் ஆட்களின் பிழைப்பில் மண்தான்.

எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் என்ன என்று கேட்டீர்கள். பின்தொட்டிக்கு மூடி, உள்ளே கீறல் விழாமலிருக்க லைனர், அவ்வளவுதான். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் ஓடும்போது சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினால் இந்த வண்டி இரண்டு முறை ஹாரன் அடிக்கும். காலை ஐந்தரை மணிக்குத் தெருவே எழுந்துகொள்ளும். ஸ்டீயரிங்கிற்குக் கீழே, வண்டியின் கோளாறைப் படிக்கும் ஓபிடி சாக்கெட் இருக்கிறது. 1996 மாடலிலிருந்து இங்கே எல்லாக் கார்களிலும் கட்டாயம். அதில் ஒரு அடாப்டரைச் செருகி, லேப்டாப்பில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினேன். வண்டி வாயை மூடிக்கொண்டது. அதே சாக்கெட்டில் செருகச் சொல்லித்தான் இன்சூரன்ஸ்காரர்களும் தள்ளுபடி ஆசை காட்டி, ஓட்டுவதை வேவு பார்க்கும் ஒரு கருவி நீட்டுகிறார்கள். தள்ளுபடியே வேண்டாம் என்றுவிட்டேன்.

"தகவல் வெளியே போகக் கூடாதென்றால் மோடம் ஃபியூஸைப் பிடுங்கிவிடு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சில வண்டிகளில் அதைப் பிடுங்கினால் போன் பேசும் மைக்கும் சேர்ந்து செத்துவிடும். விபத்தானால் தானாக உதவிக்கு அழைக்கும் வசதியும் போய்விடும். அதனால் ஃபியூஸைத் தொடவில்லை. திரையில் செட்டிங்குக்குள் புகுந்து, இடம் பகிர்வதையும் ஓட்டும் விவரம் பகிர்வதையும் அணைத்தேன். ஒவ்வொன்றுக்கும் "நிச்சயமாகவா?" என்று பெண் கேட்க வந்தவர்கள் போல விசாரித்தது. 2024 ஜூலையில் டெக்சாஸில் நடைமுறைக்கு வந்த தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, என் தகவலை விற்கக் கூடாது என்று கம்பெனிக்கு எழுதியும் போட்டேன். இப்போது ஆயில் செய்தி போனுக்கு வருவதில்லை. நீங்கள் பட்டறையில் சொல்லிக்கொடுத்தபடி டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்கிறேன். அதில் எந்தக் குறையும் இல்லை.

என்னைக் கேட்டால், இனி ஆயில், டயரோடு இந்த செட்டிங்குகளையும் பார்ப்பதுதான் மெயின்டனன்ஸ். உங்களுக்கும் இது தூரமில்லை. டாடாவில் ஃப்ளீட் எட்ஜ், லேலண்டில் ஐ-அலர்ட் என்று நம் ஊர் லாரிகளும் பேச ஆரம்பித்துவிட்டன. அடுத்த வண்டி எடுக்கும்போது, விவரம் யார் யாருக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப்போவதாகச் சொன்னீர்களே, அதற்கு முன் ஸ்டீரியோவில் ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் போனிலிருந்து அதில் ஏறிய நம்பர்கள், ஃபைனான்ஸ்காரர் உட்பட, வாங்குகிறவருக்கு இலவசமாகப் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்