கதவிலக்கமற்ற மனுதாரர்

ஓசூர்ப் பேருந்து நிலையத்தருகே நள்ளிரவில் பிரம்பால் எழுப்பப்பட்டு விரட்டப்படுகிற வீடற்ற ஒருவனை நிராதரவானவன் என்று கருதுவது பெரும் பிழையாகும். ஏனெனில், 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி அவனும் கட்டணமின்றி, சம்பவம் நிகழ்ந்த ஓராண்டுக்குள், மாநில ஆணையத்தில் முறையிடலாம். ஆணையம் சென்னையில் இருப்பதும், சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதும் பூகோளத்தின் குற்றமேயன்றிச் சட்டத்தின் குற்றமல்ல. அவ்வளவு தூரம் ஆகாதெனில், திங்கட்கிழமை தோறும் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் உண்டு. சிப்காட்டில் கிடைக்கும் அன்றைய கூலியைத் தியாகம் செய்தால் போதும்.

மனுவில் பெயர், தந்தை பெயர் வரை சங்கடமில்லை. அடுத்து வருவது கதவு எண். பதில் தபாலில் வருமாதலால், 'மேம்பாலத்தின் கீழ், மூன்றாவது தூண்' என்று அவன் சத்தியமாகவே எழுதினாலும், தூணுக்கு அஞ்சல் குறியீடு உண்டா என்று குமாஸ்தா வினவுவது நியாயமே. 2024 ஜூலை முதல் காவல் நிலையத்துக்கு மின்னணு வழியாகவும் புகார் அனுப்பி, மூன்று நாளைக்குள் கையொப்பமிடலாம். கைப்பேசிக்கு மின்னேற்ற ஒரு சுவர் மட்டும் வேண்டும். இத்தனைக்கும் முன்பாக, 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடைச் சட்டத்தை உத்தேசித்து, தான் பிச்சைக்காரனல்லன் என்பதற்கு இரண்டு சாட்சிகளை அழைத்துச் செல்லுதல் விவேகம்.